ஒரு சாண் மேலே வைத்த குறி

நான் துப்பாக்கி சுடுதல் சொல்லிக்கொடுக்கிறேன். போன கோடையில் என் மாணவனின் அப்பா கையில் ஒரு துண்டோடு வந்தார். சென்னை கே.கே. நகரில், அவர்கள் குடியிருப்புக்கு அடுத்த கட்டடத்து மாடிக் கொடியில் காய்ந்துகொண்டிருந்த துண்டு. ஓரத்தில் மிளகு நுழையும் அளவுக்கு ஒரு வட்ட ஓட்டை.

"பலகையில பட்டு நின்னுடும்னுதான் சார் நெனச்சோம்" என்றார்.

பையனுக்கு 14 வயது. 10 மீட்டருக்கு ஜீரோ செய்த, அதாவது அந்தத் தூரத்தில் குறிவைத்த இடத்திலேயே படும்படி சரிசெய்த ஏர் ரைஃபிளை எடுத்துக்கொண்டு, மொட்டை மாடியில் 35 மீட்டர் தள்ளி ஒரு தெர்மோகோல் பலகையை வைத்திருக்கிறான். சுட்டதெல்லாம் நாலு விரல்கடை கீழே விழுந்திருக்கிறது. சரி, மேலே பிடித்தால் ஆச்சு என்று ஒரு சாண் மேலே குறிவைத்தான். சில பெல்லட்டுகள் (ஏர் ரைஃபிளின் சிறு குண்டுகள்) பலகையின் தலைக்கு மேலேயே பறந்துவிட்டன.

தோட்டா நேர்கோட்டில் போவதில்லை. குழலை விட்ட கணமே விழத் தொடங்குகிறது. நொடிக்கு 175 மீட்டர் வேகத்தில் கிளம்பும் பெல்லட், 10 மீட்டர் போவதற்குள் ஒன்றரை சென்டிமீட்டருக்குமேல் இறங்கிவிடும். 10 மீட்டர் போட்டி இலக்கின் நடுவில் பத்து மதிப்பெண் தரும் புள்ளி வெறும் அரை மில்லிமீட்டர்! குறிபார்க்கும் கருவியைத் திருத்தி குழலைத் துளி மேல்நோக்க வைப்பதால்தான் பத்தில் படுகிறது. அந்தத் திருத்தம் அந்த ஒரு தூரத்துக்கு மட்டுமே கணக்கு.

தூரம் இரண்டு மடங்கானால் இறக்கமும் இரண்டு மடங்கு என்று பெரியவர்களே நினைக்கிறார்கள். வெடிமருந்தில் சுடும் சாதாரண .22 ரைஃபிள் தோட்டா 50 மீட்டரில் சுமார் 12 சென்டிமீட்டர் இறங்கும். 100 மீட்டரில் 24 அல்ல, அரை மீட்டருக்கும் மேல். போகப் போக வேகம் குறைகிறது, காற்றில் இருக்கும் நேரம் கூடுகிறது, விழுவது அந்த நேரத்தின் வர்க்கத்தைப் பொறுத்தது. கண்மதிப்பு இங்கே எடுபடாது. ஒவ்வொரு தூரத்திலும் ஐந்தைந்து குண்டு சுட்டு, எவ்வளவு கீழே பட்டது என்று அளந்து எழுதிவைத்தால்தான் எவ்வளவு மேலே பிடிப்பது என்பது தெரியும். அதுவும் அதே ரைஃபிள், அதே தோட்டாவுக்கு மட்டும்.

சென்னையில் இன்னொன்றும் கேட்பார்கள்: புழுக்கமான காற்று கனமாக இருக்குமே, தோட்டா சீக்கிரம் விழாதா? உண்மையில் ஈரக்காற்று உலர்ந்த காற்றைவிட லேசானது. வித்தியாசமும் மிகச் சிறியது. மதியத்துக்குமேல் கிழக்கிலிருந்து வீசும் கடல்காற்றுக்குத்தான் பயப்பட வேண்டும். திறந்த மாடியில் அது பெல்லட்டைப் பக்கவாட்டில் தள்ளிக்கொண்டு போகும்.

குண்டின் ஆற்றல் 20 ஜூலுக்கு உட்பட்ட 4.5 மி.மீ. ஏர் ரைஃபிளுக்கு 2016 ஆயுத விதிகளின்படி உரிமம் தேவையில்லை. அதனாலேயே பல வீடுகளில் அதைப் பொம்மையாக நினைக்கிறார்கள். குழல் முனையை உயர்த்திச் சுட்டால் பெல்லட் 200 மீட்டரைத் தாண்டும். நம் தெருக்களில் அந்தத் தூரத்துக்குள் எத்தனை மாடிகள், எத்தனை பேர்! கொடியில் அன்றைக்குத் துண்டு தொங்கிய இடத்தில் ஒரு குழந்தை நின்றிருந்தால் என்ற நினைப்பில் எனக்கு அந்த ராத்திரி தூக்கமே இல்லை.

பெற்றோரிடம் நான் கேட்பது ஒன்றுதான். பெல்லட் டப்பா ரேஞ்சிலேயே (பயிற்சிக் களத்திலேயே) இருக்கட்டும். வீட்டில் வெள்ளைச் சுவரைப் பார்த்து, குண்டில்லாமல் நிற்கும் நிலையும் விசை இழுப்பதும் பழகட்டும், தினமும் இருபது நிமிடம் போதும். அந்தப் பையன் இப்போது அப்படித்தான் பழகுகிறான். ரேஞ்சுக்கு வரும் நாளில் நோட்டில் தூரம், இறக்கம், காற்று என்று மூன்று பத்தி கோடு போட்டுக்கொண்டு வருகிறான்.