கடைப் பெயரைத் தேடினால் வருகிறது, சரக்கைத் தேடினால்?

ஆவணி முடிந்து புரட்டாசி பிறந்தால் எங்கள் பக்கம் ஆன்லைன் கடை வைத்திருப்பவர்களுக்கு ஒரு பதற்றம் வந்துவிடும். தீபாவளி நெருங்கிக்கொண்டிருக்கும், ஆர்டர் மட்டும் அசையாது. சென்னிமலை பெட்ஷீட், திருப்பூர் டீசர்ட், பவானி ஜமக்காளம், கவுந்தப்பாடி நாட்டுச்சர்க்கரை என்று சரக்கு எதுவானாலும் என்னிடம் வரும் கேள்வி ஒன்றுதான். "கூகுள்ல நம்ம கடை மேல வரோணுங்க, என்ன பண்ணலாம்?" இப்போது எங்கே வருகிறது என்று கேட்டால், போனை எடுத்துக் கடைப் பெயரைத் தட்டிக் காட்டுவார்கள். "இதா பாருங்க தம்பி, மொதல்லயே வருதில்லீங்க?"

வரத்தான் செய்யும். அந்தப் பெயரில் வேறு கடை கிடையாது. போதாக்குறைக்கு, தினமும் அதே தளத்தைத் திறக்கும் போன் அது. முந்தைய தேடல்களை வைத்தும் கூகுள் முடிவுகளைக் கொஞ்சம் மாற்றிக் காட்டும். கடைப் பெயரைத் தட்டுகிறவர் ஏற்கெனவே உங்களை அறிந்தவர். நமக்கு வேண்டியது, உங்கள் பெயரே தெரியாமல் 'ஆறுக்கு ஒன்பது ஜமக்காளம் விலை' என்று பெங்களூரிலிருந்து தேடும் ஆள்.

அவர் வருகிறாரா என்று பார்க்க ஒரு இடம் இருக்கிறது. கூகுள் இலவசமாகத் தரும் சர்ச் கன்சோல். என்ன தேடியபோது உங்கள் தளம் எத்தனை முறை கண்ணில் பட்டது, எத்தனை பேர் உள்ளே வந்தார்கள் என்பதெல்லாம் கடந்த 16 மாதங்களுக்கு அதில் கிடைக்கும். அந்தப் பட்டியலில் உங்கள் கடைப் பெயர் வரும் தேடல்களை வடிகட்டி எடுத்துவிடுங்கள். மிஞ்சுவதுதான் உண்மையான நிலவரம். நான் பார்க்கும் கடைகளில் பாதிக்கு மேல் அங்கே மிஞ்சுவது சொற்பம்.

சரி, ஏன் மிஞ்சவில்லை? எஸ்இஓ, அதாவது தேடலில் மேலே வரவைக்கும் வேலை, செய்யவில்லை, அதனால்தான் என்று எல்லோரும் நினைக்கிறார்கள். பெரும்பாலும் காரணம் அதைவிட அடிப்படையானது. பக்கத்தைக் கூகுள் பார்க்கவே இல்லை, அல்லது பார்த்தும் எடுத்துக்கொள்ள அதில் ஒன்றும் இல்லை.

சென்னிமலைப் பக்கம் பெட்ஷீட் விற்கும் ஒரு கடை. ஆடித் தள்ளுபடிக்கு முன்பு தளத்தைப் புது வடிவத்துக்கு மாற்றினார்கள். பார்க்க நன்றாகவே இருந்தது. ஆனால் தேடலில் இருந்து வருகிறவர்கள் குறைந்துகொண்டே போனார்கள். விளம்பரத்துக்குக் காசு போட்டார்கள், ஆர்டர் வந்தது. விளம்பரத்தை நிறுத்தினால் ஆர்டரும் நின்றது. வேர்ட்பிரஸ் என்ற மென்பொருளில் கட்டிய தளம் அது. அமைப்புகளில் 'வாசித்தல்' பகுதிக்குப் போனேன். தேடுபொறிகள் இந்தத் தளத்தைச் சேர்க்க வேண்டாம் என்று சொல்லும் ஒரு சின்னக் கட்டம் அங்கே உண்டு. அதில் டிக் விழுந்திருந்தது. தளத்தைக் கட்டும்போது அரைகுறைப் பக்கங்கள் வெளியே தெரியக் கூடாது என்று டெவலப்பர்கள் அதைப் போட்டு வைப்பது வழக்கம். தளம் திறந்த பிறகு எடுக்க யாருக்கும் நினைவில்லை. பாவு நூல் ஓட்டாமல் தறியில் உட்கார்ந்து, ஊடை நூலைக் கொண்டுபோகும் நாடாவை விசிறிக்கொண்டிருந்த கதைதான் அந்த விளம்பரச் செலவு.

இதை யார் வேண்டுமானாலும் ஒரு நிமிடத்தில் சோதிக்கலாம். கூகுளில் ஆங்கிலத்தில் 'சைட்' (site) என்று அடித்து, முக்காற்புள்ளி வைத்து, இடைவெளி விடாமல் உங்கள் தள முகவரியைப் போடுங்கள். கூகுள் சேர்த்து வைத்திருக்கும் பக்கங்கள் வரும். எண்ணிக்கை துல்லியமாக இருக்காது. ஆனால் நூற்றுக்கணக்கில் பொருள் உள்ள கடைக்கு நாலே பக்கம் வந்தால், எங்கோ தப்பு என்று புரிந்துவிடும். குறிப்பிட்ட ஒரு பக்கத்தின் கதி தெரிய, சர்ச் கன்சோலின் மேலே இருக்கும் பெட்டியில் அந்தப் பக்கத்தின் முகவரியைப் போட்டுப் பாருங்கள்.

சேர்க்கப்படாத பக்கங்களுக்கான காரணங்களையும் சர்ச் கன்சோலே வகை பிரித்துக் காட்டும். அதில் ஒரு வகையை நம் ஆட்கள் தவறாமல் தவறாகப் புரிந்துகொள்கிறார்கள். 'வந்து படித்தாயிற்று, இப்போதைக்குச் சேர்க்கவில்லை' என்ற வகை. இது பிழை அல்ல. கூகுள் வந்தது, படித்தது, புதிதாக ஒன்றும் இல்லை என்று போய்விட்டது. திரும்பத் திரும்ப 'சேர்த்துக்கொள்' என்று பொத்தானை அமுக்கினால் நடக்காது. பக்கத்தில் விஷயம் வேண்டும்.

போஸ்டர் பக்கங்கள்

விஷயம் இல்லாத பக்கம் எப்படி இருக்கும் என்பதற்குப் பவானி ஜமக்காளக் கடை ஒன்றைச் சொல்கிறேன். பொருளின் தலைப்பு, ஏதோ ஒரு டிசைன் நம்பர். படத்துக்குப் பதிலாக வாட்ஸ்அப்பில் அனுப்பும் போஸ்டர். அளவு, விலை, நிறம், போன் நம்பர், மூலையில் குத்துவிளக்கு, எல்லாம் அந்தப் படத்துக்குள். கீழே எழுத்தாக இருந்தது ஒரே வரி: 'சிறந்த தரம், குறைந்த விலை'. எந்தப் பொருளைத் திறந்தாலும் அதே வரி. வாட்ஸ்அப்பில் ஓடும் சரக்கு என்பதால் அதையே தளத்திலும் போட்டுவிட்டார்கள். அவர்களைக் குறை சொல்ல முடியாது. ஆனால் படத்துக்குள் இருக்கும் எழுத்தை நம்பித் தேடலில் நிற்க முடியாது. பக்கத்தில் எழுத்தாக இருப்பதுதான் கணக்கு.

என்ன எழுதுவதென்று தெரியவில்லை என்றார் கடைக்காரர். "உங்களுக்கு ஆர்டர் போன் யாரு எடுக்கறாங்க?" என்று கேட்டேன். அவருடைய மகள். அந்தப் பெண்ணிடம் கேட்டால் மடமடவென்று சொல்கிறார். எத்தனை பேர் உட்காரலாம்? துவைத்தால் சாயம் போகுமா? மிஷினில் போடலாமா? எடை எவ்வளவு, கொரியர் செலவு எவ்வளவு? பருத்தி நூலா, பட்டு மாதிரி மின்னுகிற நூலா? கைத்தறியா, விசைத்தறியா? இவ்வளவுதான், பக்கம் தயார். போனில் சொல்லும் பதிலை அப்படியே தட்டச்சு செய்யச் சொன்னேன்.

தலைப்பில் டிசைன் நம்பருக்கு முன்னால் பொருளின் பெயரும் நூலும் அளவும் நிறமும் வந்தன. ஆறுக்கு ஒன்பது அடி என்றதோடு, சென்டிமீட்டரில் 183க்கு 274 என்றும் சேர்த்தோம். வெளிமாநிலத்தவருக்கு அது வேண்டும். பவானி ஜமக்காளம் புவிசார் குறியீடு பெற்ற பொருள். அதைப் பெருமையாகச் சொல்ல வேண்டிய இடம் இந்தப் பக்கம்தான். ஈரோட்டு மஞ்சளுக்கும் 2019இல் கிடைத்தது. மஞ்சள் விற்கும் எத்தனை தளங்களில் அது எழுத்தில் இருக்கிறது? போஸ்டரை எடுத்துவிட்டு, விரித்த ஜமக்காளம் ஒன்று, கரையை நெருக்கத்தில் எடுத்தது ஒன்று, மடித்து வைத்தது ஒன்று என்று மூன்று படம் போட்டார்கள். ஒவ்வொரு படத்துக்கும் அது என்ன என்று ஒரு வரி மாற்று உரை.

சில மாதங்களில் அளவும் நிறமும் சேர்த்துத் தேடுகிறவர்கள் சர்ச் கன்சோலில் தெரிய ஆரம்பித்தார்கள். ஒரேயடியாகக் கூட்டம் வந்து குவியவில்லை. வந்தவர்கள் வாங்க வந்தவர்கள்.

இன்னொரு பழக்கம், சப்ளையர் கொடுத்த விவரத்தை அப்படியே ஒட்டுவது. திருப்பூரில் ஒரே கம்பெனியின் டீசர்ட்டைப் பத்துப் பேர் விற்பார்கள், பத்துத் தளத்திலும் ஒரே வாசகம். இதற்குத் தண்டனை எதுவும் இல்லை. கூகுள் அந்தப் பத்தில் ஒன்றைக் காட்டும், அது உங்களுடையதாக இருக்க வாய்ப்புக் குறைவு. அப்புறம், நிறம், அளவு என்று தேர்ந்தெடுக்கும்போது உண்டாகும் வடிகட்டிப் பக்கங்கள். 12 டிசைன், 6 நிறம், 5 அளவு என்றால் 360 சேர்க்கை. ஒவ்வொன்றுக்கும் தளம் தனி முகவரி உண்டாக்கினால், 12 டிசைன் பனியன் நூற்றுக்கணக்கான முகவரிகளில் சிதறிக் கிடக்கும். ஒரு டிசைனுக்கு ஒரு பக்கம், அதற்குள் நிறமும் அளவும் தேர்வு. மற்ற முகவரிகளில் இதுதான் மூலப்பக்கம் என்று காட்டும் கேனானிக்கல் குறி. உங்கள் டெவலப்பரிடம் இந்த ஒரு சொல்லைச் சொன்னாலே போதும்.

தேடல் சொற்களைக் கண்ணுக்குத் தெரியாமல் பக்கத்தில் போட்டு வைக்கும் கீவேர்டு டேக் பெட்டியில் ஐம்பது சொற்களை நிரப்பி வைப்பவர்கள் இன்னமும் இருக்கிறார்கள். தேடல் வரிசைக்கு அதைப் பார்ப்பதே இல்லை என்று கூகுள் 2009இலேயே சொல்லிவிட்டது.

வேகம்: நூறு மார்க் வேண்டாம்

தளத்தின் வேகத்தை அளக்கும் கூகுளின் பேஜ்ஸ்பீடு இன்சைட்ஸில் மதிப்பெண் பார்த்துவிட்டுத் தூக்கம் கெட்டவர்களை எனக்குத் தெரியும். அந்த மதிப்பெண், சோதனைக் கணினி ஒரு நடுத்தர போனையும் மெதுவான இணைப்பையும் பாவனை செய்து கொடுப்பது. அதற்கு மேலே, உண்மையான வாடிக்கையாளர்களின் கடந்த 28 நாள் அனுபவம் தனியாக வரும். போதுமான வருகை இல்லாத சின்னக் கடைகளுக்கு அந்தப் பகுதி காலியாக இருக்கும். இருந்தால், பார்க்க வேண்டியது அந்த வாடிக்கையாளர் அனுபவத்தைத்தான். முக்கியமான படமோ எழுத்தோ 2.5 விநாடிக்குள் தெரிய வேண்டும்; தொட்டால் 200 மில்லிவிநாடிக்குள் பக்கம் அசைய வேண்டும்; ஏறும்போது பக்கம் மேலும் கீழும் குதிக்கக் கூடாது, அந்த அளவு 0.1க்குள் இருக்க வேண்டும். நூறு வருகையில் 75க்கு இப்படி இருந்தால் கூகுள் கணக்கில் தேர்ச்சி. அதற்கு மேல் நூறு மார்க் வாங்கச் செலவு செய்வது வீண் என்பது என் கருத்து.

தளம் திணறக் காரணம் பெரும்பாலும் மூன்று. கேமராவில் எடுத்த 4 எம்பி படத்தை அப்படியே ஏற்றுவது. முகப்பில் சுழலும் ஐந்து பேனர். 'சக்கரத்தைச் சுற்றுங்கள், பரிசு வெல்லுங்கள்' மாதிரி, தளத்தில் கூடுதலாகச் சேர்க்கும் பிளகின்கள். படத்தை 1200 பிக்சல் அகலத்துக்குக் குறைத்து வெப்பி (WebP) வடிவில் மாற்றினால் எடை பல மடங்கு குறையும். பேனர் ஒன்று போதும். சக்கரத்தைத் தூக்கிவிடுங்கள். ஒன்று மட்டும் கவனம்: படங்களைத் தாமதமாக ஏற்றும் வசதியை முகப்பின் முதல் படத்துக்கும் போட்டுவிடுகிறார்கள், அது வேகத்தைக் கெடுக்கும்.

தீபாவளிக்கு முன் தொடாதீர்கள்

தளம் மாற்றுவது, முகவரி அமைப்பை மாற்றுவது எல்லாம் தை, மாசியில். புரட்டாசியில் வேண்டவே வேண்டாம். பழைய முகவரியிலிருந்து புதியதற்கு நிரந்தரமாகத் திருப்பிவிடும் 301 ரீடைரக்ட் ஒவ்வொரு பக்கத்துக்கும் தனித்தனியாகப் போட வேண்டும், குறைந்தது ஒரு வருடம் வைத்திருக்க வேண்டும். சோம்பல்பட்டு எல்லாவற்றையும் முகப்புக்குத் திருப்பிவிட்டால், அந்தப் பக்கங்கள் இல்லாமல் போனதாகவே கூகுள் எடுத்துக்கொள்ளும். தீர்ந்துபோன சரக்கின் பக்கத்தை அழிப்பதும் இதே ரகம். மறுபடி நெய்து வரும் என்றால் பக்கம் இருக்கட்டும், 'இருப்பு இல்லை' என்று போட்டு, அதே மாதிரி வேறு சரக்குக்கு வழிகாட்டுங்கள்.

இனி கொஞ்சம் பயமுறுத்த வேண்டும். செக்கு எண்ணெய் விற்கும் தளம் ஒன்றில் 'சைட்' தேடல் போட்டபோது வரிசையாக ஜப்பானிய எழுத்து வந்தது. போலிக் கைப்பை, கடிகாரம் விற்கும் பக்கங்கள், எல்லாம் இவர்கள் முகவரியில். கடைக்காரர் தளத்தைத் திறந்தால் எப்போதும்போல எண்ணெய்தான் தெரியும், கூகுளுக்கு மட்டும் வேறு முகம். இது உலகம் முழுக்க நடக்கும் ஹேக். வழி எதுவென்று பார்த்தால், காசு கொடுக்காமல் எங்கிருந்தோ இறக்கிய திருட்டுத் தீம், அதாவது தளத்தின் வடிவமைப்பு. சர்ச் கன்சோலில் முன்பின் தெரியாத ஒரு உரிமையாளர் கணக்கும் சேர்ந்திருந்தது. பாஸ்வேர்டு மாற்றுவது மட்டும் போதாது. அந்த உரிமையாளரை நீக்க வேண்டும், அவர் வைத்துவிட்டுப் போன சரிபார்ப்புக் கோப்பையும் அழிக்க வேண்டும், இல்லாவிட்டால் திரும்ப வந்துவிடுவார்.

'மாதம் இவ்வளவு, 30 நாளில் முதல் இடம், உத்தரவாதம்' என்று போன் வரும். சில சமயம் கூகுளிலிருந்து பேசுவதாகவே சொல்வார்கள். தேடல் முடிவில் மேலே போட கூகுள் காசு வாங்குவதில்லை; விளம்பரம் என்று தனியாகக் குறித்து வருவது வேறு. உத்தரவாதம் தருகிறவர் பெரும்பாலும் செய்வது, கடைப் பெயரையே 'கீவேர்டு' என்று காட்டி முதல் இடம் என்று ரிப்போர்ட் அனுப்புவது. அல்லது ஊர்பேர் தெரியாத தளங்களில் காசுக்கு லிங்க் வாங்குவது, அது கூகுள் விதிக்கு விரோதம். ரிப்போர்ட்டில் என்னென்ன சொல் இருக்கிறது என்று மட்டும் பாருங்கள், தெரிந்துவிடும்.

சட்டம் கேட்கும் விவரங்களும் தளத்தில் இருக்கட்டும். 2020ஆம் ஆண்டு மின்வணிக விதிகளின்படி நிறுவனப் பெயர், முகவரி, திருப்பி அனுப்பும் விதிமுறை, குறைதீர்ப்பு அலுவலர் விவரம் எல்லாம் காட்ட வேண்டும்; புகார் வந்தால் 48 மணி நேரத்தில் கிடைத்ததாகச் சொல்லி, ஒரு மாதத்துக்குள் தீர்க்க வேண்டும். முன்பின் தெரியாத கடையில் பணம் கட்டுவதற்கு முன் வாடிக்கையாளர் தேடுவதும் இதே விவரங்களைத்தான்.

கடைசியாக, நான் எந்தக் கடைக்குப் போனாலும் கேட்பது: டொமைன், அதாவது தளத்தின் முகவரிப் பெயர், யார் பெயரில், எந்த மெயிலில் இருக்கிறது? "அதெல்லாம் வெப்சைட் பண்ணின தம்பிகிட்ட இருக்குதுங்க" என்ற பதில் வந்தால் மற்ற வேலையை நிறுத்திவிட்டு முதலில் அதைச் சரிசெய்வேன். அந்தத் தம்பி வேலை மாறிப் போய், புதுப்பிக்கச் சொல்லும் மெயில் அவருடைய பழைய முகவரிக்குப் போய், தளம் ஒரு நாள் காலையில் திறக்காமல் நின்றதைப் பார்த்திருக்கிறேன். டொமைன், தளத்தை வைத்திருக்கும் ஹோஸ்டிங், சர்ச் கன்சோல் மூன்றும் உங்கள் மெயிலில், உங்கள் பெயரில் இருக்க வேண்டும். வேலை செய்கிறவருக்குத் தனி அனுமதி கொடுத்தால் போதும். டொமைனின் காலாவதித் தேதியைப் பார்த்துவிட்டு, தானாகப் புதுப்பிக்கும் வசதியில் இணைத்திருக்கும் கார்டு இன்னும் செல்லுபடியாகிறதா என்பதையும் பாருங்கள்.