அந்த இன்ஸ்டால் யார் கணக்கில்?

போனில் ஒரு விளையாட்டின் விளம்பரம் வருகிறது. தட்டுகிறீர்கள், ஸ்டோர் திறக்கிறது, செயலி இறங்குகிறது. அப்புறம் ஏதோ வேலை வந்துவிடுகிறது. ராத்திரி படுக்கப் போகும்போதுதான் நினைவு வந்து அதைத் திறக்கிறீர்கள். விளம்பரம் கொடுத்தவரின் கணக்கில் ‘ஒரு இன்ஸ்டால்’ ஏறுவது அந்த நொடியில்தான்.

ஏன் இவ்வளவு தாமதம்? விளம்பரத்துக்கும் செயலிக்கும் நடுவே ஸ்டோர் ஒரு மதில் மாதிரி நிற்கிறது. யார் இறக்கினார்கள் என்று அது ஆளாளாக வெளியே சொல்வதில்லை. அதனால் மதிலின் இரண்டு பக்கமும் காவல் வைத்திருக்கிறார்கள். உங்கள் கிளிக் ஸ்டோருக்குப் போகும் வழியில் ஓர் அளவீட்டு நிறுவனத்தின் சர்வரைத் தொட்டுவிட்டுப் போகிறது. நேரமும், போனின் விளம்பர அடையாள எண்ணும் அங்கே பதிவாகின்றன. செயலிக்குள்ளும் அதே நிறுவனத்தின் சிறிய நிரல் இருக்கும்; எஸ்டிகே என்பார்கள். முதல்முறை திறந்ததும் அது அதே எண்ணை அனுப்பும். இரண்டும் பொருந்தினால் கணக்கு நேராகிவிடும்.

சரி, அதே ஆள் மூன்று விளம்பரங்களைத் தட்டியிருந்தால்? கடைசியாகத் தட்டிய விளம்பரத்தைக் காட்டியவருக்கே காசு என்பதுதான் பரவலான வழக்கம். கிளிக்குக்கும் இன்ஸ்டாலுக்கும் நடுவே பெரும்பாலும் 7 நாள் கெடு வைப்பார்கள். திருட்டு நுழைவதும் இந்த வழியாகத்தான். பழைய ஆண்ட்ராய்டு பதிப்புகளில் புதுச் செயலி ஏதாவது வந்தால், அந்தத் தகவல் போனில் உள்ள மற்ற செயலிகளின் காதிலும் விழும். திருட்டுச் செயலி ஒன்று அதற்காகவே காத்திருக்கும். கேட்டதும் ஒரு பொய்க் கிளிக்கை அனுப்பிவிடும். நீங்கள் செயலியைத் திறக்கும்போது, கடைசிக் கிளிக் அதனுடையது. உண்மையில் உங்களை அழைத்து வந்தவருக்கு ஒன்றும் கிடைக்காது. இது எனக்கு இன்றும் ஆறாத விஷயம்.

இந்தத் திருட்டைக் காட்டிக்கொடுப்பது நேரம்தான். கிளிக் நடந்த நேரம், இறக்கம் தொடங்கிய நேரம் இரண்டையும் கூகுள் பிளே 2017 முதல் தருகிறது. இறக்கம் தொடங்கிய பிறகு கிளிக் வந்திருந்தால் அந்தக் கிளிக் பொய். இன்னொரு வகைத் திருடர்கள் லட்சக்கணக்கில் பொய்க் கிளிக்குகளைக் கொட்டிவிட்டு, யாராவது தானாகவே வந்து இறக்குவார்களா என்று காத்திருப்பார்கள். அதையும் பிடிக்கலாம். கிளிக்குக்கும் முதல் திறப்புக்கும் உள்ள இடைவெளியை வரைபடமாகப் போட்டுப் பாருங்கள். நிஜ மனிதர்கள் என்றால் முதல் ஒரு மணி நேரத்தில் கோடு உச்சிக்குப் போய், அப்புறம் சரியும். பொய்க் கிளிக்குகளில் நாள் கணக்கில் தட்டையாகக் கிடக்கும்.

ஐபோனில் கதை வேறு. 2021 ஏப்ரலில் வந்த ஐஓஎஸ் 14.5 முதல், பயனர் அனுமதி தராவிட்டால் அந்த அடையாள எண் வெறும் பூஜ்யங்களாகவே கிடைக்கும். பதிலாக ஆப்பிளின் எஸ்கேஆட்நெட்வொர்க் இருக்கிறது. இதில் பொருத்திப் பார்க்கும் வேலையை ஆப்பிளே செய்துவிட்டு, எந்த விளம்பரம் என்பதை மட்டும் சொல்கிறது. யார் என்று சொல்வதில்லை. இறக்கிய பிறகு நீங்கள் என்ன செய்தீர்கள் என்பது 0 முதல் 63 வரை ஒரே ஓர் எண்ணாகச் சுருங்கும். 5 என்றால் பயிற்சிக் கட்டத்தை முடித்தவர், 40 என்றால் காசு கொடுத்து வாங்கியவர் என்று செயலிக்காரர்களே வைத்துக்கொள்ளலாம். அதுவும் உடனே வராது. யாருடையது என்று நேரத்தை வைத்து ஊகிக்க முடியாதபடி தள்ளிப்போட்டுத்தான் வரும். எனக்கு இந்த ஏற்பாடு பிடித்திருக்கிறது. விளம்பரம் பலித்ததா என்று அறிய, தட்டியவர் யார் என்று தெரிய வேண்டியதே இல்லை.

ஸ்டோர் காட்டும் எண்ணிக்கையும் எஸ்டிகே காட்டுவதும் ஒத்துப்போகாததற்கும் காரணம் இருக்கிறது. இறக்கிவிட்டு ஒருமுறைகூடத் திறக்காதவர்கள் முதலாவதில் இருப்பார்கள், இரண்டாவதில் இருக்கமாட்டார்கள்.