உங்கள் குடியிருப்பில் அங்கன்வாடி இல்லையா? கேட்டு வாங்கலாம்

ஊராட்சியில் அங்கன்வாடி இருப்பதாகப் பதிவேடு சொல்லும். ஆனால் ஓடையையோ மெயின் ரோட்டையோ தாண்டி இருக்கும் காலனிப் பிள்ளைகளுக்கு அது இல்லாத மாதிரிதான். மூன்று வயதுப் பிள்ளை தனியாக அங்கே போகாது. கூலி வேலைக்குப் போகிற தாய், தினமும் கொண்டுபோய் விட்டுக் கூட்டி வரவும் முடியாது. இந்த நிலைக்கென்றே ஒரு வழி இருந்தும் பலருக்கு அது போய்ச் சேரவில்லை என்பதுதான் வேதனை.

உணவு உரிமை வழக்கில் 2006 டிசம்பர் 13 அன்று உச்ச நீதிமன்றம் கொடுத்த உத்தரவு அது. ஒரு குடியிருப்பில் ஆறு வயதுக்குட்பட்ட குழந்தைகள் குறைந்தது 40 பேர் இருந்து, அங்கே அங்கன்வாடி இல்லாவிட்டால், மக்கள் கேட்ட நாளிலிருந்து மூன்று மாதத்துக்குள் மையம் தர வேண்டும். கிராமங்களுக்கும் நகரத்துக் குடிசைப் பகுதிகளுக்கும் இது பொருந்தும்.

நாற்பதை எண்ணும்போதுதான் பலர் தவறவிடுகிறார்கள். மையத்தில் வந்து உட்காரும் வயதுப் பிள்ளைகளை மட்டும் எண்ணிவிட்டு, 'எண்ணிக்கை வராது' என்று விட்டுவிடுகிறார்கள். கைக்குழந்தைகளையும் சேருங்கள். சத்துமாவு, தடுப்பூசி, எடை பார்ப்பது எல்லாம் அவர்களுக்கும் உண்டே!

வீடு வீடாகப் போய்க் குழந்தையின் பெயர், பிறந்த தேதி, பெற்றோர் பெயர் ஆகியவற்றை எழுதிப் பட்டியல் தயாரியுங்கள். பக்கத்து மையம் எவ்வளவு தூரம், வழியில் என்ன ஆபத்து என்பதையும் மனுவில் சொல்லுங்கள். பெற்றோர் எல்லோரும் கையெழுத்துப் போட்டு, வட்டாரத்தில் உள்ள குழந்தை வளர்ச்சித் திட்ட அலுவலரிடம் கொடுக்கலாம். திங்கட்கிழமை குறைதீர் நாளில் ஆட்சியரிடமும் ஒரு பிரதி கொடுத்துவிடுங்கள். ஒப்புகைச் சீட்டை மறக்காமல் வாங்குங்கள். என்றைக்குக் கேட்டீர்கள் என்பதற்கு அதுதான் சான்று.

கிராம சபைத் தீர்மானம் கட்டாயம் இல்லை என்றாலும், இருந்தால் மனுவுக்குப் பலம். தமிழ்நாட்டில் ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1 ஆகிய நாட்களில் சபை கூடும். அம்மாக்கள் திரண்டு வந்து கேட்டால் தீர்மானம் போடாமல் கூட்டத்தை முடிப்பது கடினம். மூன்று மாதம் ஆகியும் பதில் இல்லையா? மனு எந்த நிலையில் இருக்கிறது என்று தகவல் உரிமைச் சட்டத்தில் கேளுங்கள். 30 நாளில் பதில் தர வேண்டும்.

சரி, மையம் இருக்கிறது, சாப்பாடுதான் ஒழுங்காக வரவில்லை என்றால்? அது தனிப் புகார். 2013 தேசிய உணவுப் பாதுகாப்புச் சட்டப்படி, ஆறு மாதம் முதல் ஆறு வயது வரையிலான குழந்தைக்கு அங்கன்வாடி வழியாக இலவச உணவு உரிமை. கர்ப்பிணிக்கும், பிரசவத்துக்குப் பின் ஆறு மாதம் வரை தாய்க்கும் அதே உரிமை உண்டு. கொடுக்கத் தவறினால் அதற்கு ஈடாக 'உணவுப் பாதுகாப்புப் படி' என்ற பணத் தொகையைக் கேட்கலாம் என்று சட்டத்தின் 8-ஆம் பிரிவு சொல்கிறது. புகாரை முதலில் மாவட்டக் குறைதீர் அலுவலரிடம் கொடுங்கள். அங்கே தீராவிட்டால் மாநில உணவு ஆணையத்தில் முறையிடலாம்.