தேமல் களிம்பு பூஞ்சையை என்ன செய்கிறது?

தேசிய சேவையில் இருக்கும் பிள்ளைகள் வார இறுதியில் முதுகில் தேமலோடு வீட்டுக்கு வருவது சிங்கப்பூரில் சகஜம். வியர்வை, ஈரக்காற்று, நாள் முழுக்கச் சீருடை; வேறென்ன வேண்டும்? ஆனால் முகாமில் யாரோ ஒட்டவைத்துவிட்டார்கள் என்று சந்தேகப்பட வேண்டாம். மலசீசியா என்ற அந்த ஈஸ்ட், அதாவது ஒற்றைச்செல் பூஞ்சை, ஏறக்குறைய எல்லார் தோலிலும் எப்போதும் உண்டு. மொட்டுவிட்டுப் பெருகும் உருண்டைச் செல்லாக இருக்கும்வரை தேமல் வராது. குட்டை இழைகளாக நீளத் தொடங்கினால்தான் வரும்.

மருந்துக்கடையில் கிடைக்கும் குளோட்ரிமசோல் களிம்பு, கீட்டோகோனசோல் ஷாம்பு இரண்டும் அசோல் வகை. நம் செல்சவ்வுக்குக் கொலஸ்டிரால் எப்படியோ, பூஞ்சையின் சவ்வுக்கு எர்கோஸ்டெரால் அப்படி. அதைத் தயாரிக்கும் வழியில், லானோஸ்டெரால் என்ற இடைப்பொருளின் 14ஆம் கார்பனில் ஒட்டியிருக்கும் மெத்தில் தொகுதியைக் கழற்ற ஒரு நொதி இருக்கிறது. அந்த நொதியின் நடுவில் ஓர் இரும்பு அணு. அசோலின் நைட்ரஜன் அந்த இரும்பைப் பிடித்துக்கொள்ள, வேலை நின்றுபோகிறது. இதே நொதி நமக்கும் உண்டு. அசோல் பூஞ்சையினுடையதைத்தான் அதிகம் பிடிக்கிறது என்பது நம் அதிர்ஷ்டம்.

அசோல் இழையை என்ன செய்கிறது என்பதை ஆய்வகத்தில் நன்றாகக் காட்டுவது கேண்டிடா அல்பிகன்ஸ், வாயிலும் குடலிலும் வாழும் ஈஸ்ட். 37 டிகிரி வெப்பத்தில் இரத்தச் சீரத்தில் விட்டால் இரண்டு மூன்று மணி நேரத்தில் இழை நீட்டிவிடும். வளரும் இழையின் நுனியில் ஸ்டெரால் குவிந்திருக்கிறது. அதனால்தானோ என்னவோ, மொட்டுவிடுவதை நிறுத்தப் போதாத அளவு அசோல்கூட இழையை முடக்கிவிடுகிறது. அளவு கொஞ்சம் கூடினால் மொட்டுகள் தாய்ச்செல்லை விட்டுப் பிரியாமல் கொத்தாகத் தொங்கும்.

எனக்கு இதில் பிடித்த பகுதி இனிமேல்தான். எர்கோஸ்டெரால் இல்லாமல் போவது பாதிச் சிக்கல்தான். பாதியில் நின்ற ஸ்டெராலை அடுத்தடுத்த நொதிகள் சும்மா விடுவதில்லை. எர்க்3 என்ற நொதி அதை டையால் என்னும் நச்சு ஸ்டெராலாக மாற்றிவிடுகிறது. சவ்வு கெடுவது செல்லின் சொந்தக் கைவேலையால்! சரி, எர்க்3 கெட்டுப்போன ஈஸ்ட் என்ன ஆகும்? நச்சு உருவாகாது, வழக்கமில்லாத ஸ்டெராலை வைத்துக்கொண்டே ஃபுளுகோனசோல் என்ற அசோலைத் தாக்குப்பிடிக்கும். அப்படித் தப்பிய சிலவற்றிடம் ஆம்போடெரிசின் பி என்ற வேறு வகைப் பூஞ்சை மருந்தும் தோற்கிறது. அந்த மருந்து பிடித்து இழுப்பது எர்கோஸ்டெராலைத்தான். இவற்றின் சவ்விலோ அது இல்லை.