வைக்கோல் லாரியும் உள்ளங்கை அகலக் கண்ணாடியும்

“காது இருக்குல்லா அண்ணாச்சி, கண்ணாடி எதுக்கு?”

செங்கோட்டையில் நான் வழக்கமாகப் பஞ்சர் ஒட்டும் கடைக்காரர் கேட்டது இது. நியாயமான கேள்விதான். சைக்கிளில் கண்ணாடி மாட்டுவது பள்ளிக்கூடப் பையன்களின் சோக்கு என்றுதான் எங்கள் பக்கம் நினைப்பு. லாரி வந்தால் சத்தம் கேட்கும், ஹாரன் அடிப்பான், ஒதுங்கிக்கொண்டால் ஆயிற்று.

ஆனால் ஆனி, ஆடி மாதங்களில் புளியரை வழியாக, கேரள எல்லையிலுள்ள கோட்டைவாசல் பக்கம் சைக்கிள் மிதித்துப் பாருங்கள். ஆரியங்காவுக் கணவாய் வழியாக வரும் மேல்காற்று நேராக முகத்தில் அறையும். காது மடலில் மோதிச் சுழலும் காற்று, காதுக்குள்ளேயே ஓர் இரைச்சலை உண்டாக்கிவிடும். அது போதாதென்று இன்னொன்றும் நடக்கிறது. தரையையொட்டிக் காற்று மெதுவாகவும், மேலே போகப்போக வேகமாகவும் வீசும். பின்னால் வரும் லாரியின் சத்தம் அந்தக் காற்றை எதிர்த்துத்தான் நம்மிடம் வர வேண்டும். மேலே எதிர்ப்பு அதிகம். அதனால் ஒலியலையின் மேல்பகுதி பின்தங்கி, அலையே மேல்நோக்கி வளைகிறது. தூரத்தில் வரும்போதே கேட்டிருக்க வேண்டிய சத்தத்தில் ஒரு பங்கு நம் தலைக்கு மேலே போய்விடும்.

கேரளத்துக்கு வைக்கோல் ஏற்றிப் போகும் லாரி ஒன்று அப்படித்தான் ஒரு நாள் சத்தமில்லாமல் வந்து சேர்ந்தது. வண்டி என்னைத் தொடவில்லை. பக்கவாட்டில் துருத்திக்கொண்டிருந்த வைக்கோல் தோளை உரசிக்கொண்டு போயிற்று. அடுத்த வாரமே கண்ணாடி வாங்கிவிட்டேன்.

தலையைத் திருப்பிப் பார்த்தால் போதாதா? பார்க்கலாம். ஆனால் வலப்பக்கம் தலை திரும்பினால் தோளும் கூடவே திரும்பும், தோளோடு கை, கையோடு ஹேண்டில்பார். எந்த லாரிக்குப் பயந்து திரும்பினோமோ, அதன் பக்கமாகவே சைக்கிள் சாயும். பழகினால் இது குறையும், முழுதாகப் போகாது. மணிக்கு 14 கிலோமீட்டர் வேகத்தில் ஒரு நொடி திரும்பினால், முன்னால் என்ன இருக்கிறதென்று தெரியாமலே கிட்டத்தட்ட 4 மீட்டர் போயிருப்போம். எங்கள் ரோட்டில் 4 மீட்டருக்குள் ஒரு குழி இல்லாமல் இருந்தால் அதிர்ஷ்டம்.

சரி, எந்தக் கண்ணாடி? முகம் பார்க்கும் கண்ணாடி போன்ற சமதளக் கண்ணாடி உள்ளதை உள்ளபடி காட்டும். கஷ்டம் என்னவென்றால், கொஞ்சம்தான் காட்டும். 7 சென்டிமீட்டர் அகலக் கண்ணாடியை ஹேண்டில்பாரில், கண்ணிலிருந்து 60 சென்டிமீட்டர் தள்ளி வைத்தால், 30 மீட்டர் பின்னால் உள்ள ரோட்டில் மூன்றரை மீட்டர் அகலம்தான் அதில் விழும். தலை லேசாக அசைந்தாலும் அதுவும் நழுவிவிடும்.

அதனால்தான் கடைகளில் பெரும்பாலும் குவி ஆடியை விற்கிறார்கள், நடுப்பகுதி புடைத்திருக்குமே, அது. 30 சென்டிமீட்டர் குவியத் தூரமுள்ள (புடைப்பு கூடக் கூட இந்தத் தூரம் குறையும்) குவி ஆடியை அதே இடத்தில் வைத்தால் மூன்று மடங்கு அகலமான ரோடு தெரியும். ஆனால் அதற்குக் கூலியாக எல்லாவற்றையும் மூன்றில் ஒரு பங்காகச் சுருக்கிவிடும். 20 மீட்டர் பின்னால் வரும் பஸ், 60 மீட்டர் தள்ளி வருவதுபோல் தோன்றும். பஸ் நம்மைவிட மணிக்கு 36 கிலோமீட்டர் கூடுதல் வேகத்தில் வருகிறது என்று வைத்துக்கொள்வோம், அதாவது நொடிக்கு 10 மீட்டர். கண் சொல்வது 6 நொடி, கையில் இருப்பது 2 நொடி.

இதற்கு ஒரு வழி உண்டு. உருவத்தின் அளவைப் பார்க்காமல், அது வளர்வதைப் பார்க்க வேண்டும். ஒருமுறை பார்த்துவிட்டு இரண்டு நொடி கழித்து மறுபடி பாருங்கள். பஸ் இரண்டு மடங்கு பெரிதாகியிருந்தால், தூரம் பாதியாகிவிட்டது என்று பொருள். பஸ் அதே வேகத்தில் வந்தால் மீதிப் பாதிக்கும் அதே இரண்டு நொடிதான். குவி ஆடி எல்லாவற்றையும் ஒரே அளவில் சுருக்குவதால், இந்தக் கணக்கு மட்டும் ஏறத்தாழ பிசகாமல் நிற்கும். சமதளக் கண்ணாடிக்கும் இதே கணக்குதான்.

மூக்குக் கண்ணாடியின் ஓரத்தில் மாட்டுகிற குட்டிக் கண்ணாடி ஒன்றும் கிடைக்கிறது. கண்ணிலிருந்து ஆறு சென்டிமீட்டரில் இருப்பதால், 3 சென்டிமீட்டர் அகலமே ஹேண்டில்பார் சமதளக் கண்ணாடியைப் போல நாலு மடங்கு காட்டும். எனக்கு வெள்ளெழுத்து வந்து வருடக்கணக்காகிறது. இவ்வளவு பக்கத்தில் இருப்பது தெரியுமா என்று சந்தேகப்பட்டேன். தெளிவாகவே தெரிந்தது. ஏனென்றால் கண் பார்ப்பது கண்ணாடியை அல்ல, அதற்குள் தெரியும் பிம்பத்தை. சமதளக் கண்ணாடியில் 20 மீட்டர் பின்னால் வரும் பஸ்ஸின் பிம்பம், கண்ணாடிக்குள் 20 மீட்டர் ஆழத்தில் நிற்கும். குவி ஆடியில் அப்படியில்லை. பஸ் எவ்வளவு தள்ளி வந்தாலும் பிம்பம் குவியத் தூரத்தைத் தாண்டாது. அந்த 30 சென்டிமீட்டர் ஆடியை மூக்குக் கண்ணாடியில் மாட்டினால், பேப்பர் படிக்கும் தூரத்தில் பஸ் தெரியும். வெள்ளெழுத்துக்காரர்களுக்கு மங்கல்தான்.

குட்டிக் கண்ணாடியில் இன்னொரு லாபம், அதிர்வு குறைவு. கண்ணாடி 1 டிகிரி சாய்ந்தால் பிரதிபலிக்கும் ஒளி 2 டிகிரி திரும்பும். 30 மீட்டர் தூரத்தில் அது ஒரு மீட்டர். நீளக் கம்பியின் நுனியில் நடுங்கும் ஹேண்டில்பார் கண்ணாடியில் லாரி கஞ்சிபோலக் கலங்கித் தெரிவது இதனால்தான். தலையில் மாட்டினால் முழங்கையும் கழுத்தும் அந்த நடுக்கத்தை வாங்கிக்கொள்ளும். ஆனாலும் நான் ஹேண்டில்பார் குவி ஆடிக்கே திரும்பிவிட்டேன். குட்டிக் கண்ணாடியோடு டீக்கடையில் போய் நின்றால் ஊரே வேடிக்கை பார்க்கிறது.

ஆன்லைனில் வாங்குகிறவர்கள் ஒன்றைக் கவனியுங்கள். வண்டிகள் வலப்பக்கம் ஓடும் நாடுகளுக்காகச் செய்த கண்ணாடிகள் இடப்பக்கம் மாட்டுவதற்கானவை. நம்மைத் தாண்டும் வண்டி வலப்பக்கமாகத்தானே போகும்? எனக்கு வந்தது அந்த இடக்கைக் கண்ணாடிதான். கேள்வி கேட்ட அதே கடைக்காரர் கிளாம்பைக் கழற்றித் திருப்பி, வலப்பக்கம் உட்கார வைத்துக் கொடுத்தார்.

புளியரை தாண்டி எஸ் வளைவுகள் தொடங்கும் இடத்தில் இந்தக் கண்ணாடியின் குட்டு வெளிப்பட்டுவிடும். வலப்பக்க வளைவில் நாம் ஏறி வந்த ரோடும் வலப்பக்கமாகவே வளைந்து கிடக்கும், கண்ணாடியில் விழும். இடப்பக்க வளைவில் ரோடு நம் முதுகுக்கு இடப்பக்கம் போய்விடும். கண்ணாடியில் அப்போது மரமும் கொடியும் சாரல் துளியும்தான். அந்த வளைவுகளில் இடக்காலைக் கல்லில் ஊன்றி நின்று, தலையைத் திருப்பிப் பார்த்துவிட்டு, அப்புறம்தான் மிதிக்கிறேன்.