90 என்று காட்டிய பைலா

யாழ்ப்பாணத்தில் கல்யாண வரவேற்பு ஒன்று பைலா என்ற துள்ளல் ஆட்டப்பாட்டு இல்லாமல் முடிவதில்லை. நான் டிஜே வேலைக்கு வந்து இரண்டாம் வருடம் கோண்டாவில் பக்கம் ஒரு மண்டபத்தில் நடந்தது இது. இரவு பத்து மணி, கூட்டம் நன்றாக ஆடிக்கொண்டிருந்தது. ஓடிக்கொண்டிருந்த குத்துப்பாட்டு நிமிடத்துக்கு 92 அடி. அடுத்து வைத்திருந்த பைலாவுக்குப் பக்கத்தில், பாட்டு ஓட்டும் மென்பொருள் 90 என்று காட்டியது. இரண்டே அடிதானே வித்தியாசம் என்று, இரண்டு பாட்டின் வேகத்தையும் ஒன்றாக்கும் சிங்க் பொத்தானை அழுத்தி, இரண்டு பாட்டையும் ஒன்றின்மேல் ஒன்றாக விட்டேன்.

தகரக் கூரையில் தேங்காய் விழுந்து உருண்டது போல ஒரு சத்தம். ஆடிக்கொண்டிருந்தவர்கள் கால் தடுமாறி நின்றார்கள். மணமகனின் பெரியம்மா மட்டும் எதையும் பொருட்படுத்தாமல் தன் பாட்டுக்கு ஆடிக்கொண்டிருந்தார். அவருக்கு இன்றும் நன்றிக்கடன்பட்டிருக்கிறேன்.

காலையில் தாலிகட்டுக்கு வாசித்த தவில்காரர் ஒருவர் சாப்பாட்டுக்கு நின்றிருந்தார். இணுவில், அளவெட்டித் தவிலுக்குப் பேர்போன மண்ணில் இப்படி ஒரு பிழை விட்டால் யாராவது வந்து சொல்லத்தான் செய்வார்கள். என் மேசைக்கு வந்து விரலால் தட்டிக் காட்டினார். "தம்பி, இது தகிட தகிட. நீர் தகதிமி என்று எண்ணிவிட்டீர்." தகிட என்றால் மூன்று எண்ணிக்கை, தகதிமி என்றால் நான்கு.

எண்ணியது நானல்ல, மென்பொருள். ஆனால் அதை நம்பியது நான்தான்.

நடந்தது இதுதான். மென்பொருளுக்குத் தாளம் தெரியாது. ஒலி சட்டென்று வலுத்து எழும் இடங்களை அது குறித்துக்கொள்கிறது. பிறகு அவற்றுக்கு இடையிலான இடைவெளிகளில் எது திரும்பத் திரும்ப வருகிறது என்று பார்த்து ஓர் எண்ணை ஊகிக்கிறது. பைலா திஸ்ர நடை, அதாவது மூன்று மூன்றாக எண்ணுவது. நிமிடத்துக்கு 120 பெரிய அடி, ஒவ்வொன்றுக்குள்ளும் மூன்று சின்ன அடி, ஆக 360 சின்ன அடி. அந்த 360ஐ மென்பொருள் நான்கு நான்காகக் கட்டினால் 90 வரும், இரண்டு இரண்டாகக் கட்டினால் 180 வரும். இரண்டுமே பிழை. அன்றைக்கு இன்னொரு வினையும் சேர்ந்தது. குத்துப்பாட்டின் சின்ன அடிகளும் பைலாவின் சின்ன அடிகளும் ஒன்றோடொன்று அச்சாகப் பொருந்திவிட்டன. திரையில் எல்லாம் ஒழுங்காகத் தெரிந்தது. கால் வைக்கும் பெரிய அடி மட்டும் பொருந்தவில்லை.

பாதி, இரட்டிப்புப் பிழை எல்லோருக்கும் தெரிந்தது. 70இல் ஓடும் ராப் பாட்டை 140 என்று காட்டும். பெரும்பாலான மென்பொருள்களின் அமைப்பில், பிபிஎம் (நிமிடத்துக்கு எத்தனை அடி என்ற எண்) எதிலிருந்து எதுவரை இருக்கலாம் என்று ஓர் எல்லை உண்டு. மேல் எண் கீழ் எண்ணின் இரண்டு மடங்கை ஒட்டி இருக்கும்படி அதை வைத்துக்கொண்டால் இந்தத் தொல்லை வெகுவாகக் குறையும். ஆனால் திஸ்ரப் பிழைக்கு அந்த எல்லை உதவாது, ஏனென்றால் 90, 120 இரண்டுமே அதற்குள் அடங்கிவிடும். இலவசமாகக் கிடைக்கும் மிக்ஸ் என்ற மென்பொருளில் (எக்ஸ் மூன்று போட்டு எழுதுவார்கள்) பாட்டின்மேல் வலச்சொடுக்கு செய்தால் பிபிஎம்மை இரண்டால் பெருக்க, வகுக்க மட்டுமல்லாமல் 2/3, 3/4, 4/3, 3/2 ஆல் மாற்றவும் வழி இருக்கிறது. 90 என்று விழுந்த பைலாவை 4/3 ஆல் பெருக்கினால் 120. 180 என்று விழுந்ததற்கு 2/3. திருத்தியதும் அந்த எண்ணை மாறாதபடி பூட்டிவிடுங்கள். பூட்டாவிட்டால் அடுத்த முறை ஆராயும்போது பழைய பிழை திரும்பி வந்து உட்கார்ந்துகொள்ளும். இவ்வளவு வசதியும் இலவசமாக இருக்க, காசு கட்டாமல் திருட்டுத்தனமாகத் திறந்த மென்பொருளை எங்கிருந்தோ இறக்கி மடிக்கணினியைக் கெடுத்துக்கொள்பவர்களை என்ன சொல்வது!

காதால் சரிபார்ப்பது கடினமல்ல. கைப்பேசியில் நேரங்காட்டியை ஓடவிட்டு 32 அடி எண்ணுங்கள். 1920ஐ ஆன வினாடிகளால் வகுத்தால் வேகம் கிடைக்கும். 16 வினாடி என்றால் 120. ஒரு கவனம் வேண்டும். முதல் அடியைப் பூச்சியம் என்று எண்ண வேண்டும். ஒன்று என்று தொடங்கினால் 31 இடைவெளியைத்தான் அளந்திருப்பீர்கள், விடை மூன்று நான்கு அடி கூடிவிடும். அரை அடி பிசகினாலே போதும். 120இல் ஓடும் பாட்டுக்கு 120.5 என்று எழுதியிருந்தால், ஒரு நிமிடத்தில் தாளம் அரை அடி தள்ளிப்போய்விடும்.

பழைய திரைப்பாட்டுகள் வேறு கதை. ஒரு கூடம் நிறைய வாத்தியக்காரர்கள் உட்கார்ந்து ஒரே மூச்சில் வாசித்தவை அவை. சரணத்தில் சற்று விரையும், பல்லவிக்குத் திரும்பும்போது மூச்சு வாங்கும். ஒரே எண்ணை அதன் தலையில் கட்ட முடியாது. ஒலிநாடாவிலிருந்து கணினிக்கு ஏற்றிய பாட்டென்றால் இன்னும் மோசம். மின்சாரம் இல்லாத காலத்தில் சைக்கிள் டைனமோவைச் சுற்றிப் பாட்டுக் கேட்ட ஊர் இது. சுற்றுகிறவரின் கை களைத்தால் பாட்டும் களைக்கும். அப்படிப்பட்ட பாட்டுகளுக்கு நான் சிங்க் பொத்தானைத் தொடுவதே இல்லை. ஒரு பாட்டை முழுதாக முடியவிட்டு, கைதட்டல் ஓயும் முன் அடுத்ததைத் தொடங்கிவிடுவேன்.

ஆடி, ஆவணியில் நல்லூர்த் திருவிழாவோடு வெளிநாட்டு உறவுகளும் வந்து இறங்குவார்கள். கூடவே யுஎஸ்பிகளும். "அண்ணா, இதில் நாலாயிரம் பாட்டு இருக்கிறது, இன்றைக்கு இதையே போடுங்கள்" என்று விழா நாள் மாலை ஐந்து மணிக்கு நீட்டுவார்கள். நாலாயிரத்தையும் மென்பொருளிடம் ஒப்படைத்தால் ஆறு மணிக்குள் எல்லாவற்றுக்கும் எண் போட்டுத் தந்துவிடலாம், ஆனால் அதில் எது சரி என்று ஆறு மணிக்கு யாருக்குத் தெரியும்? அதனால் கட்டாயம் வேண்டிய இருபது பாட்டைச் சொல்லச் சொல்லி, அந்த இருபதை மட்டும் ஒவ்வொன்றாகத் தட்டிப் பார்த்துவிட்டு மேடைக்குக் கொண்டுபோகிறேன்.

திருத்திய எண் அந்த மென்பொருளின் கோப்பில் மட்டும் கிடக்கக்கூடாது. பாட்டுக் கோப்பின் விவரப் பகுதியிலேயே அதை எழுதிவிட வேண்டும். என் பழைய மடிக்கணினி மின்வெட்டுக்குப் பின் எழும்பவே இல்லை. பாட்டுகள் வெளி வன்தட்டில் பத்திரமாக இருந்தன. ஆறு மாதம் உட்கார்ந்து திருத்திய எண்கள் மட்டும் போய்விட்டன. இப்போது விவரப் பகுதியில் பிபிஎம்மோடு, குறிப்பு எழுதும் இடத்தில் இன்னொரு சொல்லும் போடுகிறேன். திஸ்ரப் பாட்டு என்றால் "தகிட". மேடையில் பைலா வேண்டும் என்று யாராவது கேட்டால், தேடும் பெட்டியில் நான் அடிப்பது அந்த மூன்று எழுத்தைத்தான்.