ஒரு ‘வேண்டும்’, மூன்று செயற்கை மொழிகள்

“எனக்குத் தண்ணீர் வேண்டும்” என்பது ஆசை. “நான் போக வேண்டும்” என்பது கட்டாயம். இரண்டுக்கும் ஒரே சொல்தான். ஆனாலும் நாம் குழம்புவதில்லை. புதிதாக ஒரு மொழியை உருவாக்குகிறவர், இந்த இரண்டையும் சேர்த்து வைப்பதா, பிரித்து வைப்பதா என்று முடிவு செய்தே ஆக வேண்டும்.

லுட்விக் சாமன்ஹாஃப் 1887இல் வார்சாவில் வெளியிட்ட எஸ்பெராண்டோ பிரித்தே வைத்தது. ‘மி போவாஸ் லேகி’ என்றால் என்னால் படிக்க முடியும். ‘மி வோலாஸ் லேகி’ என்றால் படிக்க விரும்புகிறேன். ‘மி தேவாஸ் லேகி’ என்றால் படித்தாக வேண்டும். இதே வேலையைச் சின்னஞ்சிறு ஒட்டுகளும் செய்கின்றன. படிக்கக்கூடியது ‘லேகேப்லா’, படிக்கத் தகுந்தது ‘லேகிந்தா’, படித்தே தீர வேண்டியது ‘லேகெந்தா’. ஒரு நூலைப் பற்றிய மூன்று தீர்ப்புகள் ஓரிரு எழுத்துகளில் மாறிவிடுகின்றன! இந்த மொழியில் எனக்கு மிகவும் பிடித்த இடம் இதுதான்.

நிபந்தனையிலும் அதே நுட்பம் தெரிகிறது. “நேரம் இருந்தால் படிப்பேன்” என்று நாம் சொல்லும்போது, நேரம் கிடைக்கும் வாய்ப்பு உண்டா, அது வெறும் கற்பனையா என்பது சூழலில்தான் விளங்கும். எஸ்பெராண்டோவில் வினையின் ஈறே அதைச் சொல்லிவிடும். நடக்கக்கூடியது என்றால் எதிர்கால ஈறு: ‘செ மி ஹாவோஸ் டெம்போன், மி லேகோஸ்’. கற்பனை என்றால் ‘உஸ்’: ‘செ மி ஹாவுஸ் டெம்போன், மி லேகுஸ்’. ஆனால் இந்த ‘உஸ்’ ஈறு காலம் காட்டாது. நம்முடைய ‘இருந்திருந்தால் படித்திருப்பேன்’ கடந்துபோன வாய்ப்பைத் தெளிவாகக் காட்டிவிடுகிறது.

எதிர்மறைக்கு வரும்போது எஸ்பெராண்டோ தடுமாறுகிறது. ‘நே தேவாஸ்’ என்பது ‘போகக் கூடாது’ என்பதா, ‘போக வேண்டியதில்லை’ என்பதா? இரண்டுக்கும் இடையில் பெரிய பள்ளமே இருக்கிறது. ஐயம் வரக்கூடாது என்று நினைப்பவர்கள் உரிமை இல்லை, தேவை இல்லை என்ற பொருள் தரும் வேறு வினைகளை எடுத்துக்கொள்கிறார்கள். தமிழில் அந்தக் கவலை இல்லை.

சோன்யா லாங் 2001இல் அறிமுகப்படுத்திய டோகி போனா எதிர்த் திசையில் போனது. சுமார் 120 சொற்களே கொண்ட அந்த மொழியில் ‘விலே’ என்ற ஒரே சொல் விருப்பம், தேவை, கட்டாயம் மூன்றையும் சுமக்கிறது. ‘மி விலே மோகு’ என்றால் உண்ண விரும்புகிறேன் என்றும் கொள்ளலாம், உண்ண வேண்டும் என்றும் கொள்ளலாம். நம் ‘வேண்டும்’ அப்படியே அங்கே உட்கார்ந்திருக்கிறது. ‘கென்’ என்பது இயலும் என்பதற்கான சொல். நிபந்தனைக்கு ‘லா’: ‘மி மோகு லா மி போனா’ என்றால் நான் உண்டால் நன்றாக இருப்பேன். இந்த இரண்டையும் சேர்த்து ‘கென் லா’ என்றால் ‘ஒருவேளை’ ஆகிவிடும்.

தர்க்கத்தை அடித்தளமாகக் கொண்ட லோஜ்பான் ‘முடியும்’ என்பதையே கூறுபோட்டது. இயல்பிலேயே திறன் உண்டு என்பதற்கு ‘கஹே’. திறன் உண்டு, செய்தும் காட்டியாயிற்று என்பதற்கு ‘புஹி’. திறன் உண்டு, ஆனால் இன்னும் செய்ததில்லை என்பதற்கு ‘நுஹோ’. நீந்தும் திறன் இருந்தும் இதுவரை தண்ணீரில் இறங்காத உயிரைப் பற்றிச் சொல்ல, அங்கே அந்த ஒரு சொல்லே போதும்.